சினிமாவைக் கல்லூரியில் பாடமாகப் படிக்கலாமா? மூன்று வருடம் படித்து முடித்தவளின் விமர்சனம்

திரைப்பட ஆய்வை முதன்மைப் பாடமாக எடுத்து மூன்று வருடம் படித்து முடித்திருக்கிறேன். ஒரு செல்போன் வாங்குவதற்கு முன்னால் பத்து விமர்சனம் தேடிப் படிக்கிறோம். மூன்று வருடத்தைக் கொடுத்து எடுக்கும் ஒரு பாடத்தைப் பற்றி, உள்ளே என்ன நடக்கிறது, எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று படித்தவர்கள் விவரமாக எழுதி நான் பார்த்ததே இல்லை. சேரும்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியதையெல்லாம் இங்கே கொட்டுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது படம் எடுக்கக் கற்றுத் தரும் படிப்பு இல்லை. அதற்குத் தனிப் பள்ளிகள் உண்டு. உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியது, கேமரா, விளக்கு, எடிட்டிங் மேசை என்று கைத்தொழிலாகக் கற்கும் வழி அது. நாங்கள் படித்தது படத்தைப் பார்ப்பது, பார்த்ததைப் பிரிப்பது, பிரித்ததை எழுதுவது. பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் இலக்கியத் துறைக்குள்ளிருந்துதான் முளைத்தது, 1960, 70களில்தான் தனித் துறையாக நிமிர்ந்தது. அந்தப் பிறப்பின் நல்லதும் கெட்டதும் இன்றும் வகுப்பில் தெரியும். கவிதையை வரிக்கு வரி படிப்பது போல படத்தை ஷாட்டுக்கு ஷாட் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டுதான் ஷாட்) பார்க்கப் பழக்குகிறார்களே, அது அங்கிருந்து வந்த நல்ல பழக்கம். சில ஆசிரியர்கள் கதையையும் கதாபாத்திரத்தையும் மட்டுமே பேசிவிட்டுப் போவதும் அங்கிருந்து வந்ததுதான், அந்த வகுப்புகளில் திரையே தேவைப்படாது, கதைச்சுருக்கம் கையில் இருந்தால் போதும்.

என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கேமராவை நினைத்து வந்தவர்கள். இரண்டாம் மாதத்திலேயே அவர்கள் முகம் வாடிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டு அட்டையில் போட்டிருந்ததே பெரிய கேமரா படம்தான். மூன்று வருடத்தில் அந்தக் கேமராவை நான் தொட்டது இரண்டு முறை. இதைச் சேர்க்கையின்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதற்காக அந்தக் கல்லூரி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பின் உயிர் எது என்று கேட்டால் ஷாட் பட்டியல் என்றுதான் சொல்வேன். முதல் வருடம் இரண்டாம் செமஸ்டரில் கொடுத்தார்கள். நான்கு நிமிடக் காட்சி ஒன்றை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நோட்டில் ஒரு வரி: எண், எத்தனை விநாடி, குளோசப்பா (முகம் அளவு நெருக்கம்), மிட் ஷாட்டா (இடுப்பு வரை), வைடா (இடம் முழுக்க), கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது, நகர்ந்தால் யாரோடு நகர்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, ஃப்ரேமின் ஓரத்தில் என்ன இருக்கிறது, காதில் என்ன விழுகிறது, அடுத்த ஷாட்டுக்கு எப்படித் தாண்டுகிறது.

நான் எடுத்தது ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தில் வரும் சாப்பாட்டு மேசைக் காட்சி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அப்பா மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். முதல்முறை பார்த்துவிட்டு 'நல்ல நடிப்பு' என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். பட்டியல் போட உட்கார்ந்தால் 38 ஷாட், முடிக்க இரண்டு நாள் ஆனது. நிறுத்து, பின்னால் போ, மறுபடி ஓட்டு, எழுது, இதுதான் வேலை. இருபதாவது ஷாட் பக்கம் வரும்போது விஷயம் பிடிபட்டது. அப்பா பேசும் ஷாட்டுகளில் பாதிக்கு மேல் அப்பாவே இல்லை. அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, கேமரா அம்மாவின் கைகளில் நிற்கிறது. அந்தக் கை தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்கிறது, துணியால் அதன் அடியில் இருக்கும் ஈரத்தைத் துடைக்கிறது, மறுபடி அதே இடத்தைத் துடைக்கிறது, மூன்றாவது தடவை துடைக்கும்போது அங்கே ஈரமே இல்லை. காட்சி முழுக்க அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பேசும் காட்சி என்று நான் எழுதி வைத்திருந்தது அம்மாவின் காட்சி. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, விநாடி விநாடியாக எழுதப் போய் நானே கண்டுபிடித்தேன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் கணக்கு. காட்சி 240 விநாடி, ஷாட் 38, வகுத்தால் ஒரு ஷாட்டுக்கு ஆறு விநாடிக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சராசரியை வைத்துப் படங்களை ஒப்பிடுவது எங்கள் துறையில் சாதாரணம். ஆனால் அம்மாவின் கைகள் வரும் ஷாட்டுகளை மட்டும் தனியாகக் கூட்டினால் ஒவ்வொன்றும் பத்து விநாடியைத் தொட்டது, அப்பாவின் முகம் வருவதெல்லாம் மூன்று, நான்கு விநாடிதான். எடிட்டர் எங்கே பொறுமையாக இருந்தார், எங்கே அவசரப்பட்டார் என்பது சராசரிக்குள் மறைந்துவிடுகிறது, பட்டியலில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு வகுப்புக்கு நூறு மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் இந்த ஒன்றுக்கே தொண்ணூறு கொடுப்பேன்.

இரண்டாவதாக மறக்க முடியாதது ஃபிலிம் சுருளைக் கையில் கொடுத்த வகுப்பு. எங்கள் பேராசிரியர் ஒருவர் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 24 கட்டம் எண்ணி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றரை அடி. "இதுதான் ஒரு விநாடி" என்றார். ஒரு விநாடியை நான் அதற்கு முன்னால் கையில் பிடித்ததில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் 24 கட்டத்திலும் ஒரு பெண் தலை திருப்பிக்கொண்டிருக்கிறாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை, முதலையும் கடைசியையும் சேர்த்துப் பார்த்தால் முகம் முழுசாகத் திரும்பியிருக்கிறது. ஓரத்தில் மெல்லிய அலை போல ஒரு கோடு, அதுதான் ஒலி. அந்த ஒலி அதன் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்காது, ஏறக்குறைய 20 கட்டம் தள்ளி அச்சாகியிருக்கும், ஏனென்றால் புரொஜெக்டரில் படத்தைக் காட்டும் இடமும் ஒலியைப் படிக்கும் இடமும் வேறு வேறு. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று போக வேண்டும், ஒலியைப் படிக்கும் இடத்தில் நிற்காமல் சீராக ஓட வேண்டும். இதைக் கேட்ட பிறகு, உதடும் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அதே வகுப்பில்தான் இன்னொன்றும் தெரிந்தது. விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்கிவிடுவதால்தான் படம் அசைவது போலத் தெரிகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது மட்டும் காரணமாக இருந்தால் 24 படமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும். அசைவை மூளைதான் கட்டிக்கொள்கிறது, மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912இலேயே இது பற்றிய சோதனைகளை வெளியிட்டுவிட்டார். நூறு வருடம் ஆகியும் பழைய விளக்கம்தான் ஊரெல்லாம் ஓடுகிறது.

சினிமா வரலாற்றுத் தாளைப் பற்றி இரண்டு மாதிரியும் சொல்ல வேண்டும். ஆண்டு, பெயர், முதல் இது, முதல் அது என்று மனப்பாடம் செய்ய வைத்த செமஸ்டர் வீண். அதே தாளை அடுத்த வருடம் வேறொருவர் எடுத்தார், அவர் செய்ததெல்லாம் எங்களைச் சந்தேகப்பட வைத்ததுதான். 1895 டிசம்பர் 28, பாரிஸில் ஒரு கஃபேயின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். பத்துப் படம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இது எல்லோருக்கும் தெரியும். கூடவே, திரையில் ரயில் வருவதைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையும் எல்லோருக்கும் தெரியும். நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள் என்றார். பார்த்தோம். அன்றைய பத்துப் படத்தில் அந்த ரயிலே இல்லை. அது அடுத்த மாதம், 1896 ஜனவரியில்தான் காட்டப்பட்டது. அப்போதும் ஜனங்கள் பயந்து ஓடியதற்கு அந்தக் காலத்துச் சாட்சியம் உறுதியாக ஒன்றும் இல்லை. ஒரு பாடப்புத்தகம் இன்னொரு பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதான் அத்தனையும்.

சோவியத் இயக்குநர் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனையும் அப்படியே. நடிகரின் அசையாத முகம், பிறகு ஒரு தட்டு சூப், மறுபடி அதே முகம், பிறகு சவப்பெட்டி, மறுபடி அதே முகம், பிறகு ஒரு பெண். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று நடிப்பைப் புகழ்ந்தார்களாம். எடிட்டிங் பற்றிப் பேசும் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அந்தப் படத்துண்டு இன்று கிடையாது, அதைப் பற்றிய விவரிப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்த ஆசிரியர் எங்களையே அந்தச் சோதனையைச் செய்ய வைத்தார், செல்போனில் எடுத்து, பக்கத்து வகுப்பு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி. மூன்று குழுக்களில் இரண்டுக்கு அந்த விளைவு சரியாக வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எழுதிய கட்டுரைதான் நான் அங்கே எழுதியதிலேயே உருப்படியானது.

தொலைந்துபோன படங்களைப் பற்றியும் அந்தத் தாளில்தான் படித்தேன், இது என்னை ரொம்பவே பாதித்தது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் எடுக்கப்பட்ட மௌனகால முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் வெளியான வடிவத்தில் 35 மில்லிமீட்டராகவே மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வைத்தால் தானாகவே மக்கும், படம் ஓடி முடித்ததும் அதற்கு மதிப்பில்லை என்று கம்பெனிகளே தூக்கிப் போட்டார்கள். 'சினிமா வரலாறு' என்று நாங்கள் படிப்பது மிஞ்சியதன் வரலாறுதான். இதை முதல் நாளே, முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

இனி குறைகள். கோட்பாட்டுத் தாள் நிறைய பேரை இந்தப் பாடத்தையே வெறுக்க வைத்துவிடுகிறது. எங்களுக்கு மூன்றாம் வாரமே உளப்பகுப்பாய்வு (மனதின் அடியில் கிடக்கும் ஆசைகளைப் படிப்பது), குறியியல் (குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று பார்ப்பது) என்று அறுபது பக்கக் கட்டுரைகளைக் கொடுத்துப் படித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அந்தக் கட்டுரைகள் யாரோடு சண்டை போடுகின்றன என்று தெரியாமல் படித்தால் ஒரு வரியும் ஏறாது. பெண்ணியத் திரை ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்க்ரீன்' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரையை நான் மூன்று தடவை படித்தும் புரியவில்லை என்று அழுதிருக்கிறேன். பிறகு ஒரு இளம் ஆசிரியை வந்து, கட்டுரையை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டுக் காட்சியைப் போட்டார். தாளை இரண்டாகப் பிரித்து, யார் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கமும் யாரைப் பார்க்கிறார்கள் என்று மறுபக்கமும் எழுதச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆண்களாகவும் மறுபக்கம் முழுக்க ஒரு பெண்ணின் இடுப்பும் தோளுமாகவும் நிரம்பிவிட்டது. இப்போது கட்டுரையைத் திறங்கள் என்றார். புரிந்தது, சினிமாவில் பார்ப்பது ஆண், பார்க்கப்படுவது பெண் என்பதுதான் அதன் வாதம். ஒரே பாடம், ஒரே கட்டுரை, ஆசிரியர் மாறினால் இவ்வளவு மாறுகிறது. அந்தக் காட்சியைப் பற்றி அவர் கருத்தை மறுத்தவர்களையும் பேச விட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

எந்தப் படங்களைப் பார்க்க வைக்கிறார்கள் என்பது அடுத்த பிரச்சினை. பட்டியல் ஐரோப்பா, அமெரிக்கா, நடுவில் ஜப்பான் என்று சாய்ந்தே கிடக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு ஒரு வாரம், லத்தீன் அமெரிக்காவுக்கு ஒரு வாரம், அவ்வளவுதான். எது சிறந்த படம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிற ஒன்று என்பதை எங்கள் துறையே சொல்லித் தருகிறது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழ் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்' முதலிடம். 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் அக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் டீல்மான்' முதலிடத்துக்கு வந்தது, ஒரு பெண் இயக்கிய படம் அங்கே வந்தது அதுதான் முதல்முறை. 201 நிமிடம் ஓடும் படம். அதை இடைவேளை இல்லாமல் அரங்கில் போட்டார்கள். படத்தின் நாயகி சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறாள், கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு எரிச்சல். பிறகு அவள் செய்கிற வேலைகளின் வரிசை எனக்கே பழகிப்போய், அதில் சின்னப் பிசகு வந்தாலும் வயிற்றில் என்னவோ செய்தது. வீட்டில் லேப்டாப்பில் பார்த்திருந்தால் பத்தாவது நிமிடம் நிறுத்தியிருப்பேன். இருட்டு அரங்கில், போனை அணைத்துவிட்டு, எழுந்து போக முடியாமல் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்காகவே கல்லூரி வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. படம் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கிறதே, கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

ஆனால் அந்த அரங்கை எங்கள் கல்லூரி வைத்திருந்த லட்சணம் மனதைக் கஷ்டப்படுத்தும். ஒருநாள் ஒரு 1930களின் படம். அந்தக் காலப் படங்களின் சட்டகம் (ஃப்ரேம்) கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான். புரொஜெக்டரில் அமைப்பை மாற்றாமல் திரை முழுக்க இழுத்துவிட்டார்கள். எல்லோர் முகமும் பூசணிக்காய் மாதிரி விரிந்து, கார் சக்கரமெல்லாம் முட்டை வடிவத்தில் ஓடுகிறது. நாற்பது நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து போய்ச் சொன்னேன். கதை புரிகிறதல்லவா, உட்காருங்கள் என்று பதில் வந்தது. சட்டகத்துக்குள் எதை எங்கே வைக்கிறார்கள் என்று மூன்று மாதம் பாடம் எடுத்த துறை அது. நான் உட்காரவில்லை, இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள், கடைசியில் மாற்றிப் போட்டார்கள். இலக்கணப் பிழையோடு பாடப்புத்தகம் அச்சடித்துக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது, யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

குழுக் கட்டுரைகளுக்கு ஒரே மதிப்பெண் கொடுப்பது, நூலகத்தில் பாதி டிஸ்க் கீறிப்போய்க் கிடப்பது, இதெல்லாம் எல்லாப் பாடத்திலும் உள்ளதுதான், விட்டுவிடுகிறேன்.

எழுத்துப் பயிற்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் கொடுத்த முதல் பக்கத்தில் 'இந்தக் காட்சி மனதைத் தொட்டது' என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'எந்த ஷாட்?' என்று மட்டும் எழுதி ஆசிரியர் திருப்பித் தந்தார். அடுத்த வாரம் 'கேமரா அற்புதம்' என்று எழுதினேன், 'எங்கே நிற்கிறது?' என்று வந்தது. இப்படி ஒரு வருடம். இன்றைக்கு ஒரு படம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் அறுந்தது என்று என்னால் கைவைத்துச் சொல்ல முடியும். இந்தப் பழக்கம் சினிமாவோடு நிற்பதில்லை. செய்திச் சேனலில் ஒரு கூட்டத்தைக் காட்டும்போது குளோசப்பாகவே காட்டினால், வைடு ஷாட் எங்கே, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடுகிறது.

இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் படம் ரசிக்கவே முடியாதே என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டாம் வருடம் எனக்கும் அப்படித்தான் ஆனது, ஆறு மாதம் எந்தப் படத்துக்குள்ளும் போக முடியவில்லை, கட் எண்ணிக்கொண்டே இருந்தேன். பயப்படாதீர்கள், அது போய்விடும். சைக்கிள் ஓட்டக் கற்கும்போது ஹாண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி ஒரு கட்டம். அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியைப் போன மாதம் என் தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். 38 ஷாட்டும் எனக்கு மனப்பாடம். துணி மூன்றாவது தடவை மேசைக்குப் போகும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

வேலை விஷயம். பட்டத்தைக் காட்டினால் ஆள் எடுக்கும் இடம் என்று ஒன்று தனியாக இல்லை, இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்தவர்களில் சப்டைட்டில் எழுதப் போனவர் உண்டு, ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களைப் பட்டியலிடும் வேலைக்குப் போனவர் உண்டு, விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர், பத்திரிகைக்கு எழுதுபவர், மேற்படிப்புக்குப் போனவர், சம்பந்தமே இல்லாத வேலையில் நன்றாக இருப்பவர் எல்லாரும் உண்டு. இயக்குநராகத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் இந்தப் பட்டத்துக்குச் செலவிடும் மூன்று வருடத்தை ஒரு நல்ல எடிட்டரிடம் உதவியாளராகச் செலவிடலாம், அல்லது இதைத் துணைப்பாடமாக எடுத்துக்கொள்ளலாம். எழுதப் பிடிக்காதவர்களுக்கும் இது சரிப்படாது, பரீட்சை முதல் புராஜெக்ட் வரை எல்லாமே எழுத்துதான்.

ஐந்துக்கு எத்தனை என்றால் பாடத்துக்கு நாலரை, நான் படித்த இடத்துக்கு மூன்று.

சேருவதற்கு முன்னால் துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அரங்கில் திரையிடல், அது கால அட்டவணையில் இருக்கிறதா அல்லது வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்களா? முதல் வருடத்தில் காட்சிப் பகுப்பாய்வு தனித் தாளாக உண்டா? போன வருடம் என்னென்ன படம் போட்டார்கள், பட்டியல் தருவார்களா? மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்தி எழுதித் திருப்பித் தருவார்களா, வெறும் மதிப்பெண் மட்டுமா? முடிந்தால் ஒரு திரையிடலில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். படத்தின் சட்டகம் இழுபடாமல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் உடனே கிளம்பிவிடாதீர்கள், அதற்கு அப்புறம் நடக்கும் பேச்சில் யாராவது 'அந்த ஷாட்டை மறுபடி போடுங்கள்' என்று கேட்கிறார்களா, கேட்டால் ஆசிரியர் போடுகிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.